தொடாமல் வருகிறவர்

டேரில் திரும்பி வருகிறார் என்று தெரியவந்தபோது சோபனா நியூசிலாந்தின் பக்குரங்காப் புறநகரில் ஒரு மீன்கடையில் நின்றாள். பக்கத்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்ற அவள் கணவன் சஞ்சீவன், அதை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். படத்தில் டேரில் தன் பச்சைக் காரில் சாய்ந்தபடி நின்றார். முறிந்த கழுத்துக்குப் போட்டிருந்த இரும்பு வளையத்தைக் கழற்றியிருந்தார்கள். ஆள் நன்றாக மெலிந்திருந்தார். சிரிப்பு மட்டும் பழையபடி இருந்தது.

"டொக்டர் கார் ஓடலாம் எண்டிட்டாராம். சீசன் தொடங்கேக்கையே வந்து ஓடப்போறாராம்" என்றான் சஞ்சீவன்.

"நல்லதுதானே" என்றாள் அவள். மீனை வெட்டித் தரவா, முழுசாகத் தரவா என்று கடைக்காரர் இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் அவளுக்குக் காது கேட்டது.

சோபனாவின் தொழில் கார் ஓட்டுவது. சரியாகச் சொன்னால், காரால் இடிப்பது. நியூசிலாந்தில் ஸ்டொக் கார் பந்தயம் என்றால் அதுதான். முன்னும் பின்னும் தண்டவாளத்தை வளைத்து வைத்ததுபோல் பம்பர், சுற்றிவர இரும்புக் கூடு, கூட்டுக்குள் ஒற்றை ஆள். ஈரக் களிமண் போட்ட வட்டப் பாதையில் இருபது கார்கள் உறுமிக்கொண்டு சுற்றும். முன்னால் போகிறவரை இடித்துத் தள்ளிவிட்டுப் போகலாம். குற்றமில்லை, பார்க்க வருகிறவர்கள் அதற்குத்தான் வருகிறார்கள். அதனால் எங்கேயும் எழுதி வைக்காத சட்டம் ஒன்றும் அங்கே உண்டு. இன்றைக்கு நீ என்னை இடித்தால் இன்னொரு நாள் நான் உன்னை இடிப்பேன். இடித்துத் தீர்த்த பிறகு இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று ஸொசேஜ் தின்பார்கள்.

பதினேழு வயதில் பள்ளிக்கூடச் சிநேகிதி ஒருத்தியுடன் வேடிக்கை பார்க்கப் போனவள் சோபனா. அன்றைக்குப் பிடித்தது விடவில்லை. பழுதான கார் ஒன்றை வாங்கி, இரும்பு ஒட்டும் வெல்டிங் வேலைக்கு ஆள் தேடியபோது அகப்பட்டவன்தான் சஞ்சீவன். காரை ஒட்டிக் கொடுத்துவிட்டு அவளையே கட்டிக்கொண்டான். கல்லும் மண்ணும் ஏற்றும் ஒரு லொறிக் கொம்பனி இப்போது அவளுக்குச் சம்பளம் கொடுத்து, தன் பெயரை அவளுடைய காரில் எழுதி வைத்திருந்தது. இந்த நாட்டில் ஸ்டொக் கார் ஓட்டியே சாப்பிடுகிறவர்கள் மிகக் குறைவு. அந்தச் சிலரில் ஒருத்தியாக வந்த மகளைப் பற்றி அவள் அம்மா வசந்தமலர் கோயிலில் யாராவது விசாரித்தால், "கார்க் கொம்பனி ஒண்டில வேலை" என்று சொல்லிவிட்டுப் பிரசாதம் வாங்கப் போய்விடுவார்.

டேரிலைச் சோபனா இடித்தது போன பெப்ரவரியில். இறுதி ஓட்டம், கடைசிச் சுற்று. டேரில் முன்னால், அவள் பின்னால். பாதையின் மூன்றாவது வளைவில் அவர் திரும்பத் தொடங்கிய நேரம் பார்த்துப் பின்பக்கம் முழு வேகத்தில் இடித்தாள். பச்சைக் கார் திரும்பாமல் நேரே போய்ச் சுவரில் ஏறிக் கவிழ்ந்தது. அவள் வென்றாள். வெற்றிச் சுற்று ஓடிக்கொண்டிருந்தபோதே சிவப்பு விளக்குகள் எரிந்தன. அம்புலன்ஸ் பாதைக்குள் வந்தது. இரும்புக் கூட்டை அறுத்துத்தான் டேரிலை எடுத்தார்கள். கழுத்தெலும்பில் இரண்டு இடத்தில் முறிவு.

நடுவர்கள் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுச் சோபனாவில் பிழையில்லை என்றார்கள். அவளும் சஞ்சீவனும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தலையைத் திருப்ப முடியாமல் கூரையைப் பார்த்தபடி கிடந்த டேரில், "நல்ல அடி" என்று மட்டும் சொன்னார். அவர் மனைவி ஷெரில் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். இவர்கள் போகும்வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஒக்டோபரில் சீசன் தொடங்கியது. கார்களை நிறுத்திவைத்துப் பழுது பார்க்கும் பிட்ஸ் பகுதிக்குச் சோபனா வந்ததும் கதைத்துக்கொண்டு நின்றவர்கள் கதையை மாற்றினார்கள். அவளோடு நன்றாகப் பழகும் ஓட்டுநர் ஒருவர் தோளில் தட்டி, "கவனம்" என்றார். பச்சைக் காரின் பக்கம் கண்ணைக் காட்டினார்.

ஸ்டொக் காரில் பின்னால் பார்க்கும் கண்ணாடி கிடையாது. பின்னால் யார் வருகிறார் என்பதைக் காதால்தான் அறிய வேண்டும். டேரிலின் இயந்திரத்துக்கு ஒரு தனிச் சத்தம் இருந்தது. அடித்தொண்டையில் யாரோ செருமுவதுபோல. முதல் ஓட்டத்தில் நாலைந்து சுற்றுக்குப் பிறகு அந்தச் செருமல் அவளுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. சோபனா பல்லைக் கடித்துக்கொண்டாள். வரட்டும், இன்றைக்கே முடியட்டும் என்று நினைத்தாள். மூன்றாவது வளைவில் அவருடைய பம்பர் அவளுடைய பம்பரை மெல்லத் தொட்டது. பிள்ளையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல ஒரு தொடுகை. பிறகு விலகிவிட்டது.

அடுத்த சுற்றிலும் அந்தச் சத்தம் பின்னாலேயே வந்தது. இந்த முறை தொடவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தான். முந்தக்கூடிய இடத்தில் டேரில் முந்துவதில்லை. இடிக்கக்கூடிய இடத்தில் இடிப்பதில்லை. மற்றவர்களை இடித்தார், மற்றவர்களிடம் இடி வாங்கினார். சோபனாவின் பின்னால் வந்தால் மட்டும் ஒரு கார் இடைவெளி விட்டு வளைவுவரை வந்து, வளைவில் பின்தங்கிக்கொள்வார். கூட்டம் முதலில் கைதட்டியது, பிறகு சிரித்தது, பிறகு அமைதியாகிவிட்டது. பச்சைக் கார் அவளுக்குப் பின்னால் வரும்போதெல்லாம் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். ஒன்றும் நடக்காது. உட்கார்ந்துவிடுவார்கள்.

சோபனா தோற்கத் தொடங்கினாள். முன்னால் பார்க்க வேண்டியவள் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தால் வேறென்ன நடக்கும்? பகலில் மோட்டர்வேயில் லொறி ஒன்று பின்னால் செருமினாலும் ஓரமாக ஒதுங்கினாள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாகச் சஞ்சீவன் சொன்னான்.

"மனுசன் மன்னிச்சிட்டார்போல. நீர்தான் சும்மா யோசிச்சு மண்டையைப் பழுதாக்கிறீர்."

"மன்னிச்ச ஆள் ஏன் என்ர பின்னாலயே வாறார்? மற்ற ஆக்களுக்குப் பின்னால போகலாம்தானே?"

சஞ்சீவன் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தான்.

பதில் ஜனவரியில் டேரிலே கொண்டுவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கராஜ் கதவு திறந்திருந்தது. சோபனா காருக்கடியில் படுத்திருந்தாள். சப்பாத்துக் கால்கள் இரண்டு வாசலில் வந்து நின்றன. எழுந்து பார்த்தால் டேரில், கையில் ஒரு பை. தன் வீட்டு மரத்துப் பிளம்ஸ் பழம் என்று சொல்லி மேசையில் வைத்தார். பையை வலது கையால் தூக்கிவந்தவர், அதை விடுவதற்கு இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அதை அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

சோபனா ஆங்கிலத்தில் நேராகவே கேட்டாள். "என்னை எப்போது இடிக்கப் போகிறீர்கள்?"

டேரில் ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார். 

"அந்த இரவு எனக்கு ஞாபகமில்லை. காரில் ஏறி உட்கார்ந்தது தெரியும். பிறகு ஆஸ்பத்திரிக் கூரை. நடுவில் ஒன்றுமே இல்லை. நீ இடித்தாய் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வீடியோவும் பார்த்தேன். அது யாரோ ஒருவருக்கு நடந்தமாதிரி இருக்கிறது."

"அதற்கு?"

"உன் காரைப் பார்த்துக்கொண்டே அந்த வளைவுக்குள் போனால் ஞாபகம் வந்துவிடும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும் கிட்ட வருகிறது. பிறகு போய்விடுகிறது."

"வந்தால் என்ன செய்வீர்கள்?"

"தெரியவில்லை" என்றார் டேரில். அதை அவர் சொன்ன விதத்தில் பகை இல்லை. பகை இருந்திருந்தால் சோபனாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"உங்கள் கைக்கு என்ன?"

"சில வேளை தூங்கிப்போகும். கொஞ்ச நேரம்தான். பிறகு எழும்பிவிடும்." சிரித்தபடி எழுந்து, காரைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் அவள் சஞ்சீவனிடம் சொன்னாள். அவன் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தான்.

"நாங்கள் போய் நடுவரிட்டச் சொன்னால் என்ன கதைப்பினம் தெரியுமோ? முதல்ல கழுத்தை முறிச்சாள், இப்ப பயத்தில ஆளையே ஓட விடாமல் செய்யிறாள் எண்டுவினம்."

"அந்த மனுசன்ர கை வேலை செய்யேல்லையப்பா. நான் கண்ணால கண்டனான்."

"டொக்டர் பாத்துத்தானே விட்டவர்?"

"டொக்டருக்கு முன்னால கை தூங்கியிராது."

இரண்டு நாள் பொறுத்து அவள் ஷெரிலைத் தேடிப் போனாள். மனைவிக்குத் தெரிந்தால் நடுவர்வரை போகாமலே டேரில் ஓடுவதை நிறுத்திவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. ஷெரில் கதவைத் திறந்தாள், உள்ளே வரச் சொல்லவில்லை. சோபனா சொன்னதையெல்லாம் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகத்தில் வியப்பு வரவில்லை. இது அவளுக்குப் புதிதில்லை என்று சோபனாவுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"வீட்டில் கிடந்தபோது சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிட மாட்டார். கார் ஓட்டலாம் என்ற பிறகுதான் மனிதரானார். நீ எங்களுக்குச் செய்தது போதும். எங்களை விடு" என்றாள் ஷெரில். கதவு மெதுவாகத்தான் மூடியது.

சோபனா நடுவர்களிடமும் போனாள். பெயரை மறைக்காமல் கண்டதைச் சொன்னாள். அவர்கள் டேரிலைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் எல்லார் முன்னாலும் வலது கையால் ஒரு கனத்த ஸ்பானரைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். அன்றைக்குக் கை நன்றாக இருந்தது. நடுவர்களுக்குச் சிரிப்பு. பிட்ஸ் முழுக்கக் கதை பரவியது, சஞ்சீவன் சொன்னபடியே.

அதன் பிறகு டேரில் அவளோடு கதைக்கவில்லை. பின்னால் வருவதையும் நிறுத்திவிட்டார். தன்பாட்டில் ஓடினார், முன்பைவிட வேகமாக. அந்தச் செருமல் சத்தம் பாதையில் எங்கேயிருந்து வருகிறது என்று தெரியாமல் அவள் தவித்தாள். பின்னால் வந்த நாட்களில் குறைந்தபட்சம் இருக்கும் இடமாவது தெரிந்தது.

மார்ச்சில் இறுதி ஓட்டம். பகல் முழுவதும் வெயில் அடித்து, ஓட்டத்துக்கு முன்னால் ஊற்றிய தண்ணீர் களிமண்ணில் ஆவியாகிக்கொண்டிருந்தது. ஓட்டம் பாதி தாண்டியபோது சோபனா மூன்றாமிடத்தில் இருந்தாள். நேர்ப்பாதையில் அவளுக்கு வெளிப்பக்கமாக, சுவரை ஒட்டி, பச்சைக் கார் ஏறி வந்தது. முழு வேகத்தில் அவளைத் தாண்டியது. தாண்டும்போது கூட்டுக்குள் இருந்த டேரிலை அவள் பக்கவாட்டில் கண்டாள். இடது கை ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வலது கை மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டுப் போன சாமான்போல.

முன்னால் மூன்றாவது வளைவு. கார் திரும்பவில்லை. அந்த வேகத்தில் அப்படியே போனால் முன்பக்கம் சுவரில் மோதும். ஒருமுறை முறிந்து பொருந்திய கழுத்து இன்னொரு முறை தாங்காது.

யோசித்தாள் என்று சொல்ல முடியாது. கையும் காலும் செய்தன. அக்சிலரேட்டரை மிதித்து, உட்பக்கமிருந்து பச்சைக் காரின் பின்சக்கரப் பக்கத்தில் இடித்தாள். பின்பக்கம் சுவர்ப் பக்கம் போனது, முன்பக்கம் மைதானத்துப் பக்கம் திரும்பியது. வால் சுவரில் அடித்தது. கார் பக்கவாட்டில் சாய்ந்து, தீப்பொறி பறக்கச் சறுக்கி, பாதை சுற்றிவரும் நடுப்புல்லில் போய் நின்றது.

சிவப்பு விளக்கு எரிந்தது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அப்போதுதான் கூட்டத்தின் சத்தம் அவளுக்குக் கேட்டது. அத்தனை பேரும் அவளைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தார்கள். ஒரு தகரப் பேணி வந்து அவள் காரின் மேல் விழுந்தது.

டேரிலுக்கு இடது தோளெலும்பு முறிந்திருந்தது. கழுத்துக்கு ஒன்றுமில்லை.

 வீட்டுக்குப் போகும் பாதி வழியில்தான் சஞ்சீவன் கேட்டான்.

"உண்மையா அந்தக் கையைக் கண்டனீரோ?"

"கண்டனான்."

"இல்லை… நீர் பயத்திலதான் இருந்தனீர். இத்தனை நாளா. அதுதான் கேக்கிறன்."

சோபனா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பாதையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கே நம்பிக்கை வரவில்லை என்றால் மற்றவர்களைச் சொல்லிப் பயனில்லை. அதைவிட மோசமாக, அவன் கேட்ட பிறகு அவளும் அந்தக் கணத்தை மனதில் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். கையைக் கண்ட பிறகு மிதித்தாளா, மிதித்துக்கொண்டே கண்டாளா? கையைக் கண்டது மட்டும் நிச்சயம்.

அடுத்த கிழமை விசாரணை. வீடியோவில், முந்திப்போன காரை அவள் பின்னாலிருந்து இடிப்பது மட்டும்தான் தெரிந்தது. தூரத்துக் கமராவுக்குக் கூட்டுக்குள் இருந்த கை எங்கே தெரியப்போகிறது? அவள் தன் பக்கத்தைச் சொன்னாள். தலைமை நடுவர் டேரிலைக் கேட்டார்.

"கையில் ஏதாவது பிரச்சினை இருந்ததா?"

"இல்லை. கை நன்றாகத்தான் இருந்தது. திரும்பத் தொடங்கும்போது இடித்தாள்" என்றார் டேரில். அவர் சோபனாவைப் பார்க்கவில்லை.

அவருக்கு முன்னால் தண்ணீர் டம்ளர் ஒன்று இருந்தது. ஷெரில் அதை எடுத்து அவர் வாயருகே பிடித்தாள். அவர் குடித்தார். தோள் முறிந்தவருக்கு மனைவி உதவுகிறாள் என்றுதான் அங்கிருந்த எல்லாரும் நினைத்தார்கள். முறிந்தது இடது தோள் என்பதும், வலது கை மேசைக்கடியில் சும்மா கிடக்கிறது என்பதும் சோபனாவுக்கு மட்டும் உறைத்தது. வாயைத் திறந்தாள். ஷெரில் அவளைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றவள் இப்போது நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வை கெஞ்சியது. சோபனா வாயை மூடிக்கொண்டாள்.

ஒக்டோபர் முடியும்வரை தடை. இன்னொரு முறை இப்படி நடந்தால் உரிமம் பறிக்கப்படும் என்றார் நடுவர்.

மே மாதத்தில் ஷெரில் தொலைபேசியில் வந்தாள். டேரில் காரை விற்றுவிட்டார், இனி ஓடமாட்டார் என்றாள். வலது கை இப்போது முழுவதுமாகச் செயலற்றுப் போய்விட்டதாம்.

"அப்படியென்றால் அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னார்?"

 ஷெரில் சொன்னாள். "தன் கையே தன்னைக் கைவிட்டது என்பதைவிட, நீ இடித்தாய் என்பது அவருக்குச் சுலபம். நீ அன்றைக்கு இடிக்காவிட்டால் நான் இன்று விதவை. அதை உனக்கு மட்டும்தான் சொல்வேன். வேறு யார் கேட்டாலும் சொல்லமாட்டேன்."

சஞ்சீவன் குசினியில் நின்றான். யார் என்று கேட்டான். "பிழையான நம்பர்" என்றாள் சோபனா. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் முதலிலேயே நம்பியிருக்க வேண்டும் என்ற வீம்பாக இருக்கலாம்.

நவம்பரில் தடை முடிந்து அவள் திரும்பி வந்தபோது லொறிக் கொம்பனி அவளைக் கைவிடவில்லை. புதுச் சுவரொட்டி அடித்திருந்தது. கறுப்புப் பின்னணியில் அவளுடைய முகம், கண்ணைச் சுருக்கி, கீழே பெரிய எழுத்தில்: "தொட்டுப் பார்." கொம்பனியில் விளம்பரம் பார்க்கும் பெண் மிகவும் சந்தோசமாக இருந்தாள். இவ்வளவு பேர் இதற்குமுன் கொம்பனியின் பெயரைக் கேட்டதில்லையாம்.

முதல் ஓட்டம். கொடி விழுந்தது. அவள் உள்ளே புக ஒரு கார் விலகி இடம் விட்டது. அடுத்த காரும் விலகியது. மண்ணும் புகையுமாக மற்றவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டிருக்க, அவளைச் சுற்றி மட்டும் வெற்றிடம் ஒன்று கூடவே நகர்ந்தது. நாலாம் சுற்றில் முன்னுக்கு வந்துவிட்டாள். எட்டாம் சுற்றில் அவளுக்கு முன்னால் வெறும் பாதை.

யாராவது வந்து இடிக்கட்டும் என்று இருந்தது. ஒரே ஒரு இடி. சாதாரண இடி, எல்லாருக்கும் விழுவது. வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தாள். காதைப் பின்னால் வைத்துக் காத்திருந்தாள். பின்னால் வந்த இயந்திரங்கள் ஒவ்வொன்றாகச் சத்தம் தணிந்தன. அவளோடு சேர்ந்து எல்லாரும் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

அப்படியே கொடியைத் தாண்டினாள்.

சஞ்சீவன் ஓடிவந்து கூட்டின் ஜன்னல் வலையைக் கழற்றினான். "வெண்டிட்டீர்! பாத்தனீரோ, ஒருத்தரும் கிட்ட வரேல்லை!" அவன் முகம் பெருமையில் பூரித்திருந்தது.

வென்றவர் காரின் மேல் ஏறி நின்று கையசைப்பது வழக்கம். சோபனா ஏறி நின்றாள். வேலிக்கம்பிகளுக்குப் பின்னால் முன்வரிசையில், அவளுடைய படம் போட்ட சட்டை அணிந்த சிறுமி ஒருத்தி தகப்பனின் தோளில் உட்கார்ந்திருந்தாள். சோபனா அவளைப் பார்த்துக் கையசைத்தாள். பிள்ளை தகப்பனின் தலைமயிரை இறுகப் பிடித்துக்கொண்டாள். தகப்பன் சிரித்துக்கொண்டே ஓரடி பின்னால் வைத்தான்.